லேப் எத்தனை மணிக்கு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாலஸ் பக்கத்திலிருந்து நண்பன் அழைத்தான். கோவையில் என்னோடு ஒரே ஹாஸ்டலில் இருந்தவன். எடுத்த எடுப்பிலேயே “டேய், 68 வாங்கிட்டான்டா” என்றான். யார், எதில் என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் மகன் பத்தாவது படிக்கிறான், பள்ளி ஃபுட்பால் டீமில் இருக்கிறான். நம்ம ஊர்க் கால்பந்து இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டிக்கொள்ளும் அமெரிக்க ஃபுட்பால். பையனுக்குக் கணக்கில் 97, ஸ்பானிஷில் 68. டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே இறங்கினாலும் மூன்று வாரம் ஆட்டத்தில் இறங்க முடியாது. 1984-இல் வந்த சட்டம் அது. அப்போது தடை ஆறு வாரம். 1995-இல் மூன்றாகக் குறைத்தார்கள்.

நண்பனுக்கு இதில் கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. ஆனால் அழைத்த காரணம் அது இல்லை. கோச் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார், பையன் கல்லூரியில் ஆட வேண்டும் என்றால் இப்போதிருந்தே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி போடும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. கேட்கும் 16 பாடங்கள்: ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கூடுதலாக, சமூக அறிவியல் இரண்டு, மிச்சம் நான்கு வேறு பாடங்களில். அதில் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். இந்த 16-இல் சராசரி, நான்குக்கு 2.3 வேண்டும். நண்பனின் மனைவி போனை வாங்கி, “அண்ணா, ஸ்பானிஷுக்குப் பதிலா தமிழ்ப் பள்ளி கிரெடிட்டைக் காட்ட முடியுமா?” என்று கேட்டார். நல்ல கேள்விதான். பையன் படிக்கும் பள்ளியின் அங்கீகரிக்கப்பட்ட பாடப்பட்டியலில் அது இருக்கிறதா என்று கவுன்சலரிடம் கேட்கச் சொன்னேன்.

என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்றால், நான் ஒரு காலத்தில் ஃபுட்பால் பையன்களுக்குப் பாடம் எடுத்தவன். அதாவது தெற்கில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி மாணவனாக இருந்தபோது, முதல்நிலைப் புள்ளியியல் வகுப்புக்கு டீச்சிங் அசிஸ்டன்ட். விடைத்தாள் திருத்துவது, வாரம் இரண்டு மணி நேரம் ஆபீஸில் உட்கார்ந்து சந்தேகம் தீர்ப்பது, இவ்வளவுதான் வேலை. 2012 இலையுதிர் செமஸ்டர். ஒஹாயோ ஸ்டேட் வீரர் கார்டேல் ஜோன்ஸ், ஃபுட்பால் ஆட வந்த எங்களுக்கு வகுப்பு எதற்கு என்ற பொருளில் ட்விட்டரில் எழுதி ஊரே சிரித்தது அந்த அக்டோபரில்தான். (அவர் 2015 ஜனவரியில் அந்த அணியைச் சாம்பியன் ஆக்கினார், 2017-இல் பட்டமும் வாங்கினார். அதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.)

என் பிரிவில் ஐந்து வீரர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பேக்பேக், அதில் ஜெர்சி நம்பர் தைத்திருக்கும். காலை எட்டரை வகுப்புக்கு வரும்போதே இரண்டு மணி நேரம் எடை தூக்கிவிட்டு வந்திருப்பார்கள். தோளிலோ முழங்காலிலோ ஐஸ் பையை வைத்து, சமையலறையில் மிச்சச் சாப்பாட்டை மூடுவோமே அந்த பிளாஸ்டிக் தாளால் சுற்றியிருப்பார்கள். வகுப்பு முடிவதற்குள் அது உருகி நாற்காலிக்கு அடியில் தண்ணீர் தேங்கிவிடும். வகுப்பு தொடங்கிய பத்தாவது நிமிடம் கதவுக் கண்ணாடியில் ஒரு முகம் எட்டிப் பார்க்கும். கையில் பட்டியலோடு ஒரு மாணவர். வீரர்கள் வந்திருக்கிறார்களா என்று எண்ணிக் குறித்துக்கொண்டு போக விளையாட்டுத் துறை சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆள். எனக்கு முதல் வாரம் அது அவமானமாகக்கூட இருந்தது. நம்மூர் டுடோரியலில்கூட இப்படி இல்லை.

நான்காவது வாரமும் எட்டாவது வாரமும் எனக்கு ஒரு படிவம் வரும். வருகை எப்படி, இப்போதைய கிரேடு என்ன, கவலைப்படும்படி ஏதாவது உண்டா என்று மூன்று கட்டங்கள். இடையிடையே அவர்களுடைய அகடமிக் அட்வைசரிடமிருந்து மரியாதையான மின்னஞ்சல். ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும்: யாரும் ஒருநாளும் மார்க்கைக் கூட்டிப் போடச் சொல்லவில்லை. ஜாடைமாடையாகக்கூட இல்லை. நான் கேள்விப்பட்டு வந்த கதைகளுக்கு நேர்மாறாக இருந்தது.

அந்தக் கதைகள் பொய்யில்லை. 1981-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் அடிப்படை ஆங்கிலம் தேறாத ஒன்பது ஃபுட்பால் வீரர்களை நிர்வாகம் அப்படியே மேலே ஏற்றி வழக்கமான படிப்புக்கு அனுப்பியது. அவர்கள் புத்தாண்டு அன்று நடந்த சுகர் பௌல் ஆட்டத்தில் ஆட வேண்டியிருந்தது. சீசன் முடிந்தபின் நடக்கும் பெரிய ஆட்டங்களைத்தான் பௌல் என்பார்கள். அதைக் கேள்வி கேட்ட ஜான் கெம்ப் என்ற ஆசிரியைக்கு வேலை போனது. அவர் வழக்குப் போட்டார். 1986-இல் நடந்த விசாரணையில் பல்கலைக்கழகத்தின் வக்கீலே ஜூரிகளிடம், இந்தப் பையனை நாம் பட்டதாரி ஆக்க முடியாமல் போகலாம், எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தால் ஆட்டம் முடிந்தபின் குப்பை அள்ளாமல் தபால் ஆபீஸிலாவது வேலை பார்ப்பான் என்ற பொருளில் பேசினார். தங்கள் தரப்புக்குச் சாதகம் என்று நினைத்துப் பேசியது அது! கெம்ப் ஜெயித்தார், இழப்பீடு பத்து லட்சம் டாலருக்கு மேல். மூன்று ஆண்டு கழித்து, வாஷிங்டன் அணியில் கொடிகட்டிப் பறந்த டெக்ஸ்டர் மேன்லி செனட் குழு முன்னால் உட்கார்ந்து, ஒக்லஹோமா ஸ்டேட்டில் நான்கு ஆண்டு இருந்தும் தனக்குப் படிக்கத் தெரியாது என்று அழுதுகொண்டே சொன்னார்.

ஆக, விதி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என்ன விதி என்பதில்தான் தகராறு.

1986-இல் நடைமுறைக்கு வந்த ‘48-ஆம் தீர்மானம்’ உள்ளே வரும் கதவில் ஒரு பூட்டைப் போட்டது: 11 முக்கியப் பாடங்களில் சராசரி 2.0, கூடவே கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 700. எஸ்.ஏ.டி. மொத்தம் 1600, சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாலே 400 கிடைக்கும், அப்புறம் 700 என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் தடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மாணவர்கள். வசதியில்லாத பள்ளியிலிருந்து வந்த பையன் மூன்று மணி நேரத் தேர்வில் எடுக்கும் மார்க், அவன் நான்கு ஆண்டில் என்ன ஆவான் என்பதை எவ்வளவு சொல்லும்? புள்ளியியல்காரனாகச் சொல்கிறேன், ஏதோ கொஞ்சம் சொல்லும், ஒரு கோடு கிழித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரிக்கும் அளவுக்குச் சொல்லாது. 1989 ஜனவரியில் இதை இன்னும் இறுக்கி, பாதி தகுதி உள்ளவர்களுக்கு உதவித்தொகையே கூடாது என்று ‘42-ஆம் தீர்மானம்’ கொண்டுவந்தபோது, ஜார்ஜ்டவுன் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்சன் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் எழுந்து அரங்கைவிட்டு வெளியே நடந்துவிட்டார். அடுத்த ஆண்டே அதைத் தளர்த்தினார்கள். அப்புறம் வழக்குகள், திருத்தங்கள். 2003-இல் வந்த சாய்வு அளவுகோலில், பள்ளிச் சராசரி கூடக்கூடத் தேர்வு மார்க் குறைவாக இருந்தாலும் போதும்: சராசரி 3.55 இருந்தால் எஸ்.ஏ.டி.யில் அந்தச் சும்மா கிடைக்கும் 400 போதும். 2023 ஜனவரியில் தேர்வு மார்க்கையே எடுத்துவிட்டார்கள். கதவுப் பூட்டின் கதை அத்தோடு முடிந்தது.

ஆனால் 2003-இல் கதவைத் தளர்த்தும்போதே வீட்டுக்குள்ளே வேறொரு பூட்டைப் போட்டார்கள், அதைப் பற்றி வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை. 40-60-80 என்று சொல்வார்கள். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது எடுத்துக்கொண்ட பட்டத்தில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும், நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 80. முன்பு இது 25-50-75 ஆக இருந்தது. காகிதத்தில் பார்த்தால் அருமையான விதி. நான்கு ஆண்டு ஆட வைத்துவிட்டு, கையில் ஒன்றுமில்லாமல் வீட்டுக்கு அனுப்பும் பழக்கத்தை இது உடைக்கும் என்று நினைத்தார்கள், ஓரளவு உடைக்கவும் செய்தது.

இந்த விதியை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு கசங்கிய தாளில்.

அந்த ஐந்து பேரில் ஒருவன் டிஃபென்சிவ் லைனில் ஆடுபவன், இரண்டாம் ஆண்டு. என் ஆபீஸ் என்பது நான்கு பேர் பங்குபோட்டுக்கொண்ட ஜன்னல் இல்லாத அறை. அங்கிருந்த நாற்காலியில் உட்காரலாமா என்று அவன் ஒருமுறை யோசித்துவிட்டு நின்றுகொண்டே பேசினான். நவம்பர் முதல் வாரம். என் பாடத்தில் 66-இல் நின்றான். சமூகவியலும் தள்ளாட்டம். அந்த இலையுதிர் செமஸ்டரில் குறைந்தது 9 கிரெடிட் தேறாவிட்டால் அடுத்த சீசனின் முதல் நான்கு ஆட்டம் போய்விடும், இது ஃபுட்பாலுக்கு மட்டும் தனியாகப் போட்ட விதி. எடுத்திருப்பது 12, பாடத்துக்கு மூன்று வீதம். ஒன்று போனால் தப்பிக்கலாம், இரண்டு போனால் முடிந்தது. அதற்காகத்தான் வந்தான் என்று நினைத்தேன். விகிதம், சதவீதம் என்று ஒருமணி நேரம் உட்கார்ந்து, இல்லை, நின்று போட்டோம். ஹோம்வொர்க்கில் இருந்த சதவீதக் கணக்கைத் தப்புத் தப்பாகப் போட்டான்.

போகும்போது பேக்பேக்கிலிருந்து அந்தத் தாளை எடுத்தான். சிவில் இன்ஜினியரிங் படித்தவர்தானே நீங்கள், அந்தப் படிப்பு எப்படி என்று கேட்டான். அவன் மாமா கான்க்ரீட் வேலை எடுத்துச் செய்பவராம், கோடை விடுமுறையில் அவரோடு போய் நடைபாதை போட்டிருக்கிறான். பாலம் கட்டும் இடத்துக்கு ஒருமுறை கூட்டிப்போயிருக்கிறார். தாளில் இரண்டு வரிசை. இப்போது அவனைச் சேர்த்திருக்கும் பொதுப்படிப்பில் 120-க்கு 43 கிரெடிட், இந்தச் செமஸ்டரையும் சேர்த்து. சிவிலுக்கு மாறினால் அந்த 43-இல் 22-தான் செல்லும், மொத்தமோ 128. நான் கால்குலேட்டரை எடுப்பதற்குள் அவன் சொல்லிவிட்டான்: “பதினேழு சதவீதம்.” அந்தக் கணக்கை அவன் ஏற்கெனவே நிறையத் தடவை போட்டிருக்கிறான்.

அடுத்த ஆகஸ்டுக்குள் அது 40 ஆக வேண்டும், அதாவது 52 கிரெடிட். ஒரு செமஸ்டரும் ஒரு கோடையும்தான் இருக்கிறது. கால்குலஸ் முடிக்காமல் ஸ்டாட்டிக்ஸ் எடுக்க முடியாது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும், வேகமாக ஓடி எட்டிப் பிடிக்கும் விஷயம் இல்லை. அதோடு பிசிக்ஸ் லேப் இரண்டு மணியிலிருந்து ஐந்து. டீம் மீட்டிங் இரண்டு மணிக்கு, பிராக்டிஸ் மூன்று மணிக்கு. வேறு நேரத்தில் லேப் இல்லையா என்று கேட்டேன், முட்டாள்தனமாக. அதை அட்வைசரிடம் கேட்டுவிட்டேன் என்றான். அட்வைசர் கெட்டவர் இல்லை. கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார், மாறினால் ஆட முடியாது, ஆட முடியாவிட்டால் ஸ்காலர்ஷிப் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள் என்றிருக்கிறார். அப்போது பெரும்பாலும் ஸ்காலர்ஷிப் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பதுதான்.

சாதாரண மாணவன் ஒருவன் இரண்டாம் ஆண்டில் மேஜரை, அதாவது பட்டத்துக்கான முதன்மைப் பாடத்தை, மாற்றினால் என்ன ஆகும்? அப்பா திட்டுவார், ஒரு வருடம் கூடுதலாகப் படிப்பான். இந்த நாட்டில் நிறையப் பேர் அப்படித்தான் எதையாவது தொட்டுப் பார்த்துவிட்டு மாறுகிறார்கள். நான் கோவையில் முதல் வருடமே சிவில் என்று முத்திரை குத்தப்பட்டு, மாற வழியே இல்லாமல் நான்கு வருடம் ஓட்டியவன், இங்கே வந்து பொறாமைப்பட்டதே அந்தச் சுதந்திரத்தைப் பார்த்துத்தான். அது அவனுக்கு மட்டும் இல்லை.

ஏட்டில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது. ஆனால் ஆட்ட நாள் முழுவதையும் மூன்று மணி நேரம் என்றுதான் எழுதிக்கொள்வார்கள். பஸ், விமானம், ஹோட்டல், காயத்துக்குச் சிகிச்சை எதுவும் கணக்கில் வராது. இதற்கு நடுவே 40 சதவீதம் காட்ட வேண்டும் என்றால் எந்தத் துறை வளைந்துகொடுக்குமோ அங்கேதான் எல்லோரும் போய்ச் சேருவார்கள். ஆட்ட நிரல் புத்தகத்தில் வீரர்களின் மேஜர் போட்டிருப்பார்கள். எங்கள் டீமில் ஒரே படிப்பின் பெயரை எண்ணிப் பார்த்தேன், இருபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன்.

2004-இல் இன்னொன்று சேர்ந்தது, ஏ.பி.ஆர். என்ற மதிப்பீடு. ஸ்காலர்ஷிப் வாங்கும் ஒவ்வொரு வீரனுக்கும் செமஸ்டருக்கு இரண்டு புள்ளி: தகுதியோடு இருந்தால் ஒன்று, கல்லூரியிலேயே தொடர்ந்தால் ஒன்று. டீம் மொத்தத்தை ஆயிரத்துக்குக் கணக்கிட்டு, இப்போது 930-க்குக் கீழே போனால் சீசன் முடிந்தபின் நடக்கும் பெரிய ஆட்டங்கள் கிடையாது. இதில் வேடிக்கை, 2015-இல் பௌல் ஆட்டங்களுக்குப் போதுமான டீம் கிடைக்காமல் போக, ஐந்தில் ஜெயித்து ஏழில் தோற்ற அணிகளில் ஏ.பி.ஆர். உயர்ந்தவற்றைக் கூப்பிட்டார்கள். நெப்ராஸ்கா அப்படி உள்ளே வந்து யு.சி.எல்.ஏ.வைத் தோற்கடித்தது. படிப்பால் கோப்பைக்குப் போனது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இவ்வளவு எண்ணையும் வைத்து என்ன நடக்கும் என்பதற்கு வட கரோலினா, சேப்பல் ஹில்தான் உதாரணம். இந்த விதிகள் ஒவ்வொன்றாக வந்து இறுகிக்கொண்டிருந்தபோதே, 1993 முதல் 2011 வரை, 18 ஆண்டு, அங்கே ஒரு துறையில் வகுப்பே நடக்காத வகுப்புகள் ஓடின. கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும், அதைத் திருத்தியது பேராசிரியர் இல்லை, துறையின் அலுவலக ஊழியர். 3,100 பேருக்கு மேல் எடுத்திருந்தார்கள், அதில் கிட்டத்தட்ட பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். அந்த ஊழியர் 2009-இல் ஓய்வுபெற்றதும், அட்வைசர்கள் ஃபுட்பால் பயிற்சியாளர்களைக் கூட்டி உட்காரவைத்து ஸ்லைடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள்: இதுவரை பையன்கள் வகுப்புக்குப் போக வேண்டாம், குறிப்பெடுக்க வேண்டாம், விழித்திருக்கக்கூட வேண்டாம், இனி அப்படி ஒரு வகுப்பு இல்லை என்று. 2014-இல் கென்னத் வெய்ன்ஸ்டைன் விசாரணை அறிக்கையில் அந்த ஸ்லைடு இருக்கிறது. இதற்கு என்.சி.ஏ.ஏ. 2017-இல் கொடுத்த தீர்ப்பு: அந்த வகுப்புகள் மற்ற மாணவர்களுக்கும் திறந்திருந்தன, ஆகவே இது வீரர்களுக்கு மட்டும் கொடுத்த சலுகை ஆகாது, தண்டிக்க விதியில் இடமில்லை. கல்வி என்றால் என்ன என்று தீர்மானிப்பது கல்லூரியின் வேலை என்றார்கள்.

எனக்கு அந்தத் தீர்ப்பைப் படித்தபோது கோபம் வரவில்லை, என் படிவம்தான் நினைவுக்கு வந்தது. அந்த நவம்பரில் எட்டாவது வாரப் படிவத்தை தாமதமாக நிரப்பினேன். வருகை: நன்று. கிரேடு: டி பிளஸ், முன்னேற்றம் தெரிகிறது. கவலைப்படும்படி ஏதாவது உண்டா? எதை எழுதுவது. அந்தக் கட்டம் இருப்பது அவன் தேறுவானா என்று கேட்க. அவனுக்குப் பாலம் கட்டப் பிடிக்கிறது என்று எழுத அதில் இடமில்லை என்று நானே முடிவு செய்துகொண்டு, ‘இல்லை’ என்று அடித்து அனுப்பினேன். குறைந்தபட்சம் எழுதிப் பார்த்திருக்கலாம். சிவில் துறைக்கு நடந்து போய் மாலையில் ஒரு லேப் திறக்க முடியுமா என்று கேட்டிருக்கலாம். எனக்கும் அந்த வாரம் என் ஆய்வு வழிகாட்டியோடு வேறு பிரச்சினை.

என் பாடத்தில் சி மைனஸ் வாங்கித் தேறினான், சொந்த முயற்சியில். சமூகவியலும் தேறியிருக்க வேண்டும், அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தில் அவன் நம்பரைப் பார்த்தேன். சில ஆண்டு கழித்துப் பட்டமளிப்புப் பட்டியலில் பெயர் இருந்தது, அந்தப் பொதுப்படிப்பில். கல்லூரிகள் பெருமையாக வெளியிடும் பட்டம் பெற்றோர் விகிதத்தில் அவன் ஒரு வெற்றி.

இப்போது நிலைமை வேறு. 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-இலிருந்து கல்லூரியே ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் வீரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்று கோர்ட் ஒப்புக்கொண்ட உடன்பாடு இருக்கிறது. 2024 ஏப்ரலில், எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி உடனே ஆடலாம் என்று விட்டுவிட்டார்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு: படிப்பில் தகுதி இருக்க வேண்டும். அதாவது மற்றக் கட்டுப்பாடெல்லாம் கழன்று விழுந்தபின் மிஞ்சி நிற்பது கிரெடிட் கணக்கு. மூன்று கல்லூரி மாறும் பையனுக்கு ஒவ்வொரு இடத்திலும் எது செல்லும் எது செல்லாது என்று ஒரு தாள் தருவார்கள், இரண்டு வரிசையோடு.

இதையெல்லாம் நண்பனிடம் சொல்லவில்லை. 16 பாடம் உன் பையனுக்குப் பிரச்சினையே இல்லை, கணக்கில் 97 வாங்குகிறவன் 2.3 எடுக்கமாட்டானா, ஸ்பானிஷை மட்டும் பார்த்துக்கொள் என்றேன். பையனுக்கு என்ன படிக்க ஆசை என்று கேட்டேன். மெக்கானிக்கல் என்றான். சரி, அப்படியென்றால் நாளைக்குக் கல்லூரிக் கோச் யாராவது வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து பேசும்போது, ஸ்டேடியத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்றெல்லாம் கேட்காதே, முதல் இரண்டு வருடம் இன்ஜினியரிங் லேப் எத்தனை மணிக்கு, பிராக்டிஸ் எத்தனை மணிக்கு, இரண்டும் மோதினால் எதை நகர்த்துவீர்கள், இப்போது உங்கள் டீமில் மெக்கானிக்கல் படிக்கிறவன் எத்தனை பேர், அதில் ஒருவனிடம் பேசலாமா என்று கேள் என்றேன்.

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பின்னால் அவன் மனைவி யாரிடமோ காபி வேண்டுமா என்று கேட்பது கேட்டது.

“இதெல்லாம் கேட்டா சீட் குடுப்பானாடா?” என்றான்.